கிழிக்கக் கூடாத கவர்

கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, மிளகுக் கொடி சுற்றிய மரத்தடியில் கிடந்தது பிணம்.

பிணம் என்பது மரியாதைக்கு. எலும்பும் ஒரு கைக்கடிகாரமும்தான் மிச்சம்.

மண்டை உடைந்திருந்தது. மலையில் உருண்டு விழுந்தாலும் மண்டை உடையும். ஆனால் விழுந்தவன் தன் மேல் தானே கல் அடுக்கிக்கொள்ள மாட்டான்...

கடிகாரத்தின் பின்பக்கம் 'இளங்கோ' என்று பொறித்திருந்தது.

அன்று மதியமே இன்ஸ்பெக்டர் ருக்குமணி, செம்மேட்டில் இளங்கோவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மனைவி சுமித்ரா அழவில்லை.

"அவரு சாகலீங்க. என்னைய உட்டுட்டுப் போயிட்டாரு."

"எங்க, கண்ணு?"

"தீவு தீவா சுத்தறாருங்க. போன வாரங்கூட மினிக்காய்ல இருந்து கவர் வந்துச்சு. அவரு கையெழுத்துலயே."

ருக்குமணி நெற்றியைச் சுருக்கினார். செத்து மாதக்கணக்காகிறது என்கிறார் டாக்டர். செத்தவன் போன வாரம் தபால் அனுப்பியிருக்கிறான்!

சுமித்ரா ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். பக்கத்துக்கு ஒரு கவர். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டித் தீவின் தபால் முத்திரை. பெறுநர் இடத்தில் இளங்கோவின் பெயர்... அவன் கையெழுத்திலேயே.

தனக்குத் தானே எதற்கு அனுப்பிக்கொள்கிறான்?

பதில் சொன்னவன் மாதேஸ்வரன். இளங்கோவோடு சேர்ந்து முத்திரை சேகரித்தவன். ஜீப்பைப் பார்த்து ஓடி வந்திருந்தான். சேகரிப்பவர்கள் தங்கள் முகவரியையே கவர்களில் எழுதிக் கட்டாக வைத்திருப்பார்கள், தீவில் அதைப் போட்டால் முத்திரை விழுந்து வீடு வந்து சேரும் என்று விளக்கினான். இருவரும் ஒன்றாகப் போவதாகத்தான் பேச்சாம்.

"என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டானுங்க. துரோகி."

"அப்ப, நேர்ல போனாத்தான் இந்த முத்திரை கிடைக்குமுங்களா?"

"ஆமாங்க."

ருக்குமணி கடைசிக் கவரை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஏதோ இருந்தது. கவர் மடங்காமல் இருக்க வைத்த அட்டை என்றாள் சுமித்ரா.

ருக்குமணி ஓரத்தில் விரலை நுழைத்தார்.

"கிழிக்காதீங்க!"

அலறினான் மாதேஸ்வரன். சேகரிப்பவர்கள் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். கிழித்தால் அது குப்பை.

"எனக்குத் தபால்னா பிரிச்சுப் படிக்கறதுதானுங்க."

சர்ர்ரக்...

அட்டை. அதோடு மடித்த தாள் ஒன்று. மினிக்காய் போஸ்ட் மாஸ்டருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. 'நேரில் வர இயலவில்லை. இத்துடன் உள்ள கவரில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பவும்.' தேதி, போன மாதம்.

அடியில் வேறு மையில், 'குத்தியிருக்கிறேன். ஒருமுறை எங்கள் தீவுக்கு வாருங்கள்.'

நல்ல மனிதர். கேட்டு எழுதிய தாளையும் பத்திரமாக உள்ளே வைத்து ஒட்டிவிட்டார்!

ஆக, இளங்கோ எந்தத் தீவுக்கும் போகவில்லை. அவன் எழுதி வைத்த கவர்களை யாரோ ஒவ்வொன்றாக அனுப்பி, அவனை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

"இந்தத் தாள்ல இருக்கறது யாரு எழுத்து?"



சுமித்ரா மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"மாதேஸ்வரண்ணன் எழுத்துங்க. கவர்க் கட்ட வாங்கிட்டுப் போனதும் இவருதான். கொன்னுபோட்டு, என்ற கூடவே உக்காந்து அழுதாரே, பாவி மனுசன்..."

மாதேஸ்வரன் அவளைப் பார்த்தான். வெளியே மரவள்ளி ஏற்றிய லாரி முனகிக்கொண்டே மேடேறியது. அந்தச் சத்தம் முழுதாகத் தேய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆல்பத்தை இழுத்தான். முந்தைய பக்கத்துக் கவரை உருவி, விரலால் அமுக்கிப் பார்த்தான்.

கிழித்தான். அவனே!

அதிலும் அதே வேண்டுகோளோடு ஒரு தாள். குண்டு குண்டான, வேறு எழுத்து.

"இது இவ எழுதினதுங்க, மேடம். எங்க விசயம் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. கல்லப் போட்டது நானு. போடச் சொன்னது இவ."

"உள்ள வெறும் அட்டைதான் இருக்கும்னு சொன்னியேடா!"

சுமித்ராவின் பேச்சில் இருந்த 'அண்ணன்' காணாமல் போயிருந்தார்.

"நீ என்னையக் காட்டிக் குடுப்பேன்னு எங்கிட்டச் சொன்னியா, சுமி?"

 

ருக்குமணி இரண்டு தாள்களையும் மடித்தார்.

"கிளம்புங்க. ஆளுக்கொரு தீவு ஏற்பாடு பண்றேன். சுத்தித் தண்ணிக்குப் பதிலா மதில் சுவரு. அங்கிருந்தும் கவர் போடலாமுங்க... என்ன, நாங்க கிழிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்புவோம்!"