உடம்பைச் சுற்றி அரை அங்குலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பனியன் கம்பெனியில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. வார நாட்களில் கத்தித்தான் பேசவேண்டியிருக்கும் இடத்தில், என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. சாயத் துணியின் புளித்த வாடை மட்டும் அறையில் தேங்கியிருந்தது.

நான் அங்கே பேட்டர்ன் மாஸ்டர். 1997இல் முதலாளி வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரில் பனியனுக்கான அளவுகளை வரைவது என் வேலை. என் மனைவி தெய்வாத்தாள் அதே கம்பெனியில் துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். பதினோரு வருடம் துணி தள்ளிய அவளுடைய வலது கை, ஆறு மாதமாக மரத்துக் கிடந்தது. "கையில்லாம நான் என்னத்துக்குங்க?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பேசாமைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் கையைப் பார்க்க, காங்கேயத்து அக்குபங்சர் வைத்தியர் நஞ்சப்பன் அன்று ஒரு ஃப்ளாப்பியோடு கம்பெனிக்கே வந்தார். ஒருவருடைய அளவுகளைக் கொடுத்தால், அதே அளவில் ஓர் உருவத்தைத் திரையில் நிறுத்தி, ஊசி குத்தவேண்டிய புள்ளிகளைக் காட்டுமாம். அவர் சொல்லியிருந்தபடி முந்தின நாளே தெய்வாத்தாளை டேப்பால் அளந்து எண்களைக் குறித்து வைத்திருந்தேன். அவற்றை ஏற்றினேன்.

பச்சைக் கோடுகளால் ஆன ஒரு பெண் திரையில் எழுந்து நின்றாள்.

வைத்தியர் சிரித்தார். "ஏனுங்க மாஸ்டர், அம்மிணியை அளந்தீங்களா, அம்மிணிக்குப் பனியன் தைக்க அளந்தீங்களா? இது ஒரு சுத்து பெருசா இருக்குதுங்களே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடுப்புக்கு விடுவதுபோலவே, கைப்பழக்கத்தில் உடம்பைச் சுற்றிலும் அரை அங்குலம் லூஸ் சேர்த்திருந்தேன்.

"மாத்திடறனுங்க."

"இருக்கட்டும் விடுங்க. இடம் தெரிஞ்சாப் போதும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தாள். வைத்தியர் திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார்.

ஊசி நின்றது.

தோலைத் தொடவில்லை. தோலுக்கு அரை அங்குலம் மேலே, வெறும் காற்றில் குத்தி நின்றது.

வைத்தியர் விரலை எடுத்தார். ஊசி விழவில்லை. அடியில் நாடி துடிப்பதுபோல் மெல்ல மெல்ல ஆடியது.

எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு தலையெண்ணெய் வாடை பரவியது.

தெய்வாத்தாளின் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்களும்.

வைத்தியர் பையைக்கூட எடுக்காமல் திரும்பாமல் கதவுவரை பின்னோக்கியே நடந்தார். "அந்த லூஸை எடுத்துடுங்க சாமி," என்றார். "இப்பவே எடுத்துடுங்க." படிக்கட்டில் அவர் ஓடும் சத்தம் கேட்டது.

கீபோர்டில் கை வைத்தேன். அந்த லூஸை அழித்தால் விரல்கள் மறுபடி நின்றுவிடுமே. அவை ஒவ்வொன்றாக மடங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழிக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன்.

திரை இருண்டது. விரல்கள் நிற்கவில்லை.

"பாத்தியா தெய்வாத்தா, கை வந்துருச்சு."

அவள் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் மரத்துத்தானுங்க இருக்குது," என்று கிசுகிசுத்தாள். "அசைக்கறது நானில்லீங்க."

அந்த லூஸை அழித்துவிட, கம்ப்யூட்டர் சுவிட்சை மறுபடி போட எட்டினேன்.

அந்தக் கை மேசையைக் கடந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கும்படி அல்ல, மெதுவாகத்தான். ஆனால் விடவில்லை.