ஜீப்பின் பின்கதவு றப்பர்

பழைய றப்பரைக் கழற்றிக் கையில் எடுத்தபோதுதான் பரமேஸ்வரன் கவனித்தான்: கீறல்கள் எல்லாம் உள்பக்கத்தில் இருந்தன. வெயிலில் வெடிக்கிற றப்பர் நீளத்துக்கு வெடிக்கும். இது கதவின் கீழ்ப்பாதியில் மட்டும், நாலு நாலாக, யாரோ பிறாண்டியது போல இருந்தது. நெடுங்கேணியில் தன்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக் இல்லையென்று தானே சொல்லித் திரிகிறவன் அவன். நாய் கடித்திருக்கும் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, அதைக் கொட்டிலுக்கு வெளியே எறிந்தான்.

ஜீப் தவராசாவுடையது. பெற்றோல் தடைப்பட்ட நாளிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடுகிறது. பின்னால் இருக்கிறவர்களுக்குப் புகையில் தலைசுற்றி வாந்தி வரும். பரமேஸ்வரனின் மனைவி நாகேஸ்வரிக்கு நிறைமாதம். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வாகனம் கிடையாது. முதல் பிள்ளை வழியிலேயே செத்துப் பிறந்தது. இந்தப் பிள்ளையையாவது உயிரோடு பார்க்கவேண்டும் என்ற தவிப்பில்தான், கடையில் கிடைக்காத றப்பருக்குப் பதிலாக ட்ரக்டர் ரியூப்பை நாடா நாடாவாக வெட்டி, கதவிடுக்கால் புகை உள்ளே வராமலிருக்கப் பின்கதவைச் சுற்றி இரட்டையாக ஒட்டினான்.

கதவைச் சாத்தினான். மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்து கொட்டில் தகரத்தில் கொட்டியது. ஒட்டுப்பசையின் காரத்துக்குள்ளே எங்கிருந்தோ மயிர் கருகிய மணம் மெல்ல மெல்ல ஏறி அவன் தொண்டையில் நின்றது. ஜீப்புக்குள்ளே யாரோ தட்டினார்கள். திறந்தான். இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. சாத்தினான். மறுபடியும் தட்டல். இம்முறை பல இடங்களில்.

"தவராசாண்ணை, இந்த ஜீப்பை எங்கை எடுத்தனீங்கள்?" கொட்டில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவரைக் கேட்டான்.

"பரந்தன் பக்கம் றோட்டோரம் கிடந்தது. கதவு திறபடேல்லை. வெட்டித்தான் திறந்தனாங்கள்."

"உள்ளுக்கை ஆரும் இருந்தவையோ?"

தவராசா பீடியைப் பற்றவைத்தார். "மூண்டு சின்னப் பிள்ளையள். விடு, அந்தக் கதையை எடுக்காதை."

பரமேஸ்வரன் புது றப்பரின் நுனியை நகத்தால் கிளப்பிப் பார்த்தான். ஒட்டியதை அப்போதே உரித்து எறிந்திருக்கலாம். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து நாகேஸ்வரி அலறினாள்.

போத்தலில் மிஞ்சியிருந்த கடைசிக் கரண்டிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊற்றி, தவராசா எஞ்சினை ஓடவிட்டார். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் பெற்றோல் இல்லாமல் கிளம்பாது. இனி ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தலாம். இடையில் நின்றால் திரும்ப உயிர் வராது. மழைத்தண்ணீர் எஞ்சினில் விழாமல் அவர் முன்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரமேஸ்வரன் மனைவியைப் பின்னால் கிடத்தி, சாரல் அடிக்காமல் கதவைச் சாத்தினான்.

"உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ," என்றாள் அவள்.

பை அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. இழுத்தெடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது ஜீப்பின் பின்கண்ணாடி கறுத்திருந்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. புகை கதவால் வரவேயில்லை. தளத்து ஓட்டையால் ஏறி, இத்தனை நாளும் கதவிடுக்கால் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது போகிற வழியைத்தான் இந்தக் கெட்டிக்காரன் இரட்டையாக அடைத்திருக்கிறான்.

கைபிடியைத் திருகினான். திரும்பியது. கதவு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். ஒரு விரலளவு வந்தது. உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினார்கள்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ அண்ணை!"

"நிப்பாட்டினால் பிறகு எடுக்கேலாதடா!"

"ஐயோ, அவள் சாகப்போறாள்!"

எஞ்சின் நின்றது. மழை மட்டும். உள்ளே தட்டல். அவளுடையதா? தெரியவில்லை. ஸ்பானரால் கண்ணாடியில் அடித்தான். இன்னும் ஓங்கி அடித்தான். கண்ணாடி உடைந்தது. கையை உள்ளே விட்டான். உடைந்த விளிம்பு முழங்கைவரை கிழித்தது. இரத்தம் வழுக்கியது. விடவில்லை. நாகேஸ்வரியின் ஒரு கை அகப்பட்டது. பிறகு மற்றக் கை. இரண்டும் சூடாக இருந்தன. உயிர் இருக்கிறது. இழுத்தான்.

அவள் வரவில்லை.

புகை விலகியது. அவள் கண்கள் திறந்திருந்தன. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் வாயையும் மூக்கையும் ஐந்து சின்னக் கைகள் பொத்தியிருந்தன. ஆறாவது கை அவள் வயிற்றைத் தடவி விட்டு நிமிர்ந்து, உடைந்த கண்ணாடிக்கூடாக வந்து, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தது.