வளைத்துக் கட்டிய ஹோஸ்

பழைய கார் எஞ்சினுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை முழுமையாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதப் பிறவி தான்தான் என்பதில் அவனுக்கு ஐயம் இருந்ததில்லை. இதை அவன் பெருமையாகச் சொல்வதில்லை. ரத்த வகையைச் சொல்வதுபோல் சொல்வான். எனவே, மச்சான் கொடுத்த காரின் பானெட்டை அந்தச் சாம்பல்நிறப் பிற்பகலில் திறந்தபோது முதலில் வந்தது சிரிப்புதான்.

எஞ்சினில் சூடான கூலன்ட் தண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோகவேண்டிய ரப்பர் ஹோஸ், பாதி வழியில் வளைந்து எஞ்சினுக்கே திரும்பியிருந்தது. ஒழுகும் ஹீட்டரை ஒதுக்கிவைக்க எல்லோரும் செய்கிற வேலை. ஆனால் தகரச் சுவரைத் தாண்டிக் காருக்குள் போகும் ஹீட்டரின் இரண்டு குழாய்முனைகளுக்கும் ரப்பர் மூடி போட்டு, அதன்மேல் கம்பி சுற்றி, கம்பிமேல் கம்பி சுற்றி, இடுக்கியால் இறுக்கியிருந்தது. தண்ணீரே போகாத குழாய்க்கு எதற்கு இத்தனை கம்பி?

மச்சானுக்குப் போன் போட்டான்.

“என்ன மச்சான், திருடனக் கட்டிப்போட்ட மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க? கோழை செய்யற வேலை இது.”

“மாப்ள, அத அப்படியே விட்டுடுங்க.”

“பாப்பாவுக்கு இழுப்பு. தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரி. குளிர்காத்து படவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூச்சு நின்னா நீங்க வந்து ஊதுவீங்களா?”

“ரெண்டு கம்பளியாப் போத்துங்க. அந்த ஹீட்டருக்குச் சூடு மட்டும் காட்டாதீங்க.”

எதற்கு என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டது.

“உங்க அண்ணன் ஹீட்டருக்குப் பயப்படுறாரு!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். ஷெட்டை ஒட்டிய அறையில் மனைவி ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

“வாயால ஓட்டினது போதும். வண்டிய ஓட்டற வழியப் பாருங்க, விஞ்ஞானி சார்.”

அவள் குரலுக்கு அடியில் குழந்தையின் இழுப்பு கேட்டது. இரண்டு குட்டை மூச்சு, பிறகு ஒரு நீண்ட விசில். ஒரு வாரமாக வீடு அந்தத் தாளத்தில்தான் தூங்காமல் இருந்தது.

கூலன்ட்டைத் தட்டில் வடித்து, வெடித்துப்போன பழைய ஹோஸை உருவி எறிந்து, புது ஹோஸ்களைச் சூடேறும் புகைக்குழாயிலிருந்து விலக்கி, பக்கவாட்டுத் தகரத்தை ஒட்டிக் கொண்டுவந்தான். கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி முதல் மூடியைக் கழற்றியபோது குழாயிலிருந்து விரல்மேல் காற்று பட்டது. வெதுவெதுப்பான, ஈரமான, பால் திரிந்ததுபோல் லேசாகப் புளித்த காற்று. எஞ்சின் முந்தைய நாளிலிருந்து ஓடவே இல்லை. “அழுத்தம்” என்று தனக்கே விளக்கினான். எதன் அழுத்தம் என்று தன்னைக் கேட்கவில்லை.

குழாய்முனைகளில் புது ஹோஸ்களை மாட்டிக் கிளாம்புகளை முறுக்கினான். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, கூலன்ட் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினான். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வரவேண்டும். வந்தது. பச்சைத் திரவம் மெல்ல மேலே ஏறி, நின்று, கீழே இறங்கி, மறுபடி ஏறியது. ஊற்றினான். இறங்கியது. இன்னும் ஊற்றினான். அந்த எஞ்சின் கொள்ளும் அளவுக்கு மேலேயே ஊற்றியாகிவிட்டது. அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

உள்ளே ஏறி உட்கார்ந்து, சூட்டை ஊதும் புளோயரைப் போட்டான். முகத்தில் நல்ல சூடு. “பாத்தியா!” என்று ஸ்டியரிங்கிடம் சொன்னான். முன்கண்ணாடி உட்புறமாக வேர்த்தது. கூலன்ட்டின் இனிப்பு வாசனை வந்தது. ஒழுகல்தான், வேறென்ன என்று புளோயரை அணைத்தான்.

காற்று நிற்கவில்லை.

எஞ்சினை அணைத்தான்.

நிற்கவில்லை. டேஷ்போர்டின் துளைகளில் வந்தது. பிறகு உள்ளே இழுத்தது. அவன் நெற்றி முடி துளையை நோக்கி அசைந்தது.

இரண்டு குட்டை மூச்சு. ஒரு நீண்ட விசில்.

ஜன்னலில் மனைவி. “ஏங்க! பாப்பாவுக்கு இழுப்பு நின்னுடுச்சு! சத்தமே இல்ல, அசந்து தூங்கறா!”

ஓடினான். குழந்தை தொட்டிலில் கிடந்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. மூக்கடியில் விரலை வைத்தான். ஏறியது. இறங்கியது. விரலில் ஒன்றும் படவில்லை.

“என்னங்க பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம்.”

திரும்பவும் பானெட்டுக்குள். கொதிக்கும் ஹோஸை வெறுங்கையால் உருவினான். கூலன்ட் மணிக்கட்டில் கொட்டித் தோலை வழித்தது. ஒரு முனையை வளைத்து எஞ்சினிலேயே சொருகினான். மூடி. இன்னொரு மூடி. கம்பி. ஒரு சுற்று. இன்னொன்று.

வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது.

அவன் பம்பரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

“அடேங்கப்பா, என்னா தொண்டை!” மனைவியின் சிரிப்பு கேட்டது. “இழுப்பே இல்லங்க. மூச்சு மட்டும் ஒரே சூடா விடறா. என்னமோ இனிப்பா வாசனை. இவ்ளோ பசியா இவளுக்கு? குடிக்கறா, குடிக்கறா, நிறுத்தவே மாட்டேங்கறா.”

அவன் நிமிர்ந்தான்.

கதவுகள் சாத்திய காருக்குள், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில், உட்புறமாக, ஒரு சின்ன வட்டம் பனித்தது. பிஞ்சு வாய் அளவு. மங்கியது. பனித்தது. மங்கியது. பிறகு நீளமாக, மிக நீளமாக ஒன்று.

மூடியைக் கழற்றக் கை நீண்டது. உள்ளே மனைவி குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரிக்கிறாள்.

கை, கம்பியை எடுத்தது.

ஒரு சுற்று. அதன்மேல் ஒரு சுற்று. இடுக்கியால் இறுக்கினான். கண்ணாடியில் வட்டம் இப்போது முன்னைவிடச் சிறியதாகப் பனித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கம்பியை வெட்டினான்.