அரை மில்லி

டொக்டர் பஸ்னா தட்டில் ஒரு போத்தலைத்தான் எடுத்து வைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு திரும்பியபோது இரண்டு இருந்தன.

இரண்டாவதில் அவளுடைய கையெழுத்து. ‘பிரஷாந்தியின் குழந்தை. இரத்தம் ஒரு மில்லி.’ ஐந்து நாளுக்கு முன் கிருமிச் சோதனைக்கு அவளே ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. தொட்டாள். யாரோ இவ்வளவு நேரமும் கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல் சூடாக இருந்தது.

“கஜானி மிஸ், லெப்பில இருந்து போத்தல் ஏதும் திருப்பி வந்ததா?”

“ஆரும் கொண்டு வரல்லையே டொக்டர். அந்தப் புள்ளதான் முந்தநாளே போயிட்டுதே.” தாதி சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனாள்.

பகல் மூன்று மணிதான். ஆனால் மார்கழி மழை வெளிச்சத்தை விழுங்கி, வாவித் தண்ணீர் பின்மதில்வரை ஏறி, சேறும் ஈரச் சுண்ணாம்பும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை சிசுப் பிரிவெங்கும் தேங்கி நிற்க, ஜெனரேட்டரின் முனகலுக்குள் எந்தக் குழந்தை அழுகிறது, எது அழுவதை விட்டுவிட்டது என்றுகூடப் பிரித்தறிய முடியாத அசதியில் அவள் முப்பத்திரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். நித்திரையில்லாத கண் எதையும் காட்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஒரு மில்லி விட்டால் மட்டம் எங்கே வரவேண்டும் என்று போத்தலில் பேனாவால் கோடு போடுவது வழக்கம். பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். குறைய எடுத்தால் அகப்படாமலே போய்விடும். அன்று பிரஷாந்தியின் குழந்தைக்கு நரம்பு அரை மில்லிதான் தந்தது. இன்னொரு தரம் குத்தச் சலிப்பாக இருந்தது. ஒன்று என்று எழுதிவிட்டாள். கிருமி வளரவில்லை என்று பதில் வந்தது. மருந்தை நிறுத்தினார்கள். மறுநாள் குழந்தை இல்லை. அரை மில்லிதான் எடுத்தது என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அந்தப் போத்தலில் மட்டம் இப்போதும் கோட்டுக்குக் கீழேதான் நின்றது.

இன்றைக்கு ஏறாவூர் றிஸ்லாவின் குழந்தை. நாலு நாள் பிள்ளை. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, உடம்பு குளிர்ந்து கிடந்தது.

“ஏழாம் நாள் பேர் வைக்கக் கிடக்கு டொக்டர்,” என்றாள் தாய், வாசலில் நின்றபடி. “கெதியா எடுத்திருவீங்கதானே?”

“ஓம். கொஞ்சம் இருங்க.”

இந்தப் பிள்ளையைச் சாகவிடக்கூடாது. தோலைத் துடைத்தாள். மருந்து காயும்வரை முப்பது எண்ணினாள், ஒன்றைக்கூட விழுங்காமல். ஊசி சட்டென்று நரம்பில் ஏறியது. முழுதாக ஒரு மில்லி. பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு, இரத்தத்தைப் புதுப் போத்தலுக்குள் செலுத்தினாள்.

மட்டம் கோட்டுக்கு வரவில்லை. பாதியில் நின்றது.

பக்கத்தில், பிரஷாந்தியின் குழந்தையுடைய போத்தலில், மட்டம் கோட்டைத் தொட்டிருந்தது.

இரண்டு போத்தல்களையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு குழந்தையின் மற்றக் கையைப் பிடித்தாள். துடைத்தாள். எண்ணினாள். இன்னும் அரை மில்லி எடுத்துச் செலுத்தினாள். மட்டம் அசையவில்லை.

தட்டில் மூன்றாவது போத்தல். ‘சஹ்லாவின் குழந்தை. ஒரு மில்லி.’ போன மாதத்தது. அதுவும் கோட்டைத் தொட்டு நின்றது. அதன் பின்னால் நாலாவது. ஐந்தாவது. தட்டு நிறைந்து மேசையிலும் இருந்தன. எல்லாவற்றிலும் அவளுடைய கையெழுத்து. எல்லாம் ஒரு மில்லி. நாலாவதிலிருந்து எல்லாம் கோட்டுக்குக் கீழே.

எத்தனை முறை அப்படி எழுதினாள்? நினைவில்லை.

தன் முழங்கையில் ஊசியை ஏற்றினாள். ஐந்து மில்லி. நாலாவது போத்தலுக்குள் விட்டாள். ஒரு சொட்டும் ஏறவில்லை. அவளுடைய இரத்தம் வேண்டாமாம்.

“மிஸ்.” மருந்து எடுக்கப் போன கஜானி இன்னும் வரவில்லை.

குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. கையில் ஒட்டியிருந்த பஞ்சு சிவந்தது. பெருவிரலால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். விரலுக்கடியில் ஈரம்.

“முடிஞ்சுதா டொக்டர்?” வாசலில் றிஸ்லா.

ஊசி மேசையில் கிடந்தது. நாலாவது போத்தலில் மட்டம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.