ரம்பத்தை ஓட்டுவது யார்

அசுன்சியோன் நகரமே மதியத் தூக்கத்தில் அடங்கிக் கிடக்க, இறைச்சிக் கூடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மாடிக் கண்ணாடி அறையிலிருந்து நிமியா அதைப் பார்த்தாள். காற்று இல்லை. கொக்கிகளை இழுக்கும் சங்கிலியும் ஓடவில்லை, ஓட வழியும் இல்லை.

ரம்ப வரிசையை நேரம் பார்த்துத் தானாக இயக்கும் ஜாவா நிரல் காலையிலேயே படுத்துவிட்டது. நேரம் குறிக்கும் லைப்ரரி என்ற துணை நிரல் தொகுப்பு அதில் பழையதும் புதியதுமாக இரண்டு கிடந்து முட்டிக்கொண்டன. பழையதைத் தூக்கியவள் அவள்தான். அவளுடைய கணினியில் பழைய பிரதி ஒன்று ஒளிந்திருந்ததால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது. சர்வரில் அது இல்லாததால் நிரல் நின்றுவிட்டது. அவசரக்குடுக்கை! ரம்பம் நின்றது நல்லதாயிற்று என்று அவள் தம்பி தெர்லிஸ், குழாயும் கையுமாக வெட்டறையைக் கழுவப் போயிருந்தான்.

குளோரினையும் மீறி எழும் பழைய இரத்த வாடையும், ஈரத்தரையில் எங்கோ சொட்டும் நீரின் ஓசையும், அசையும் கொக்கியின் நீள நிழலும் மாடி வரை எட்டின. போனை எடுத்தாள்.

"தெர்லிஸ், உடனே வெளிய வாடா."

"ஏன்க்கா, மறுபடியும் சொதப்பிட்டியா? ஜில்லுன்னு தெரெரே டீ கலக்கி வை, வந்துடறேன்."

"விளையாடாத. கொக்கி ஆடுது."

"சங்கிலி ஓடாதுன்னு நீதான சொன்ன?"

அவள் திரையைப் பார்த்தாள். லைப்ரரி கிடைக்கவில்லை. வேலை தொடங்கவில்லை. அதே வரிகள்தான்.

கீழே சங்கிலி முனகியது. வெட்டறைக் கதவில் தாழ் விழுந்தது.

நிரலை நிறுத்தினாள். சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. சங்கிலி நிற்கவில்லை. போனைப் பிடித்தபடியே படிகளில் விழுந்தடித்து ஓடி அவசர நிறுத்தச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். மீண்டும் அறைந்தாள்.

உள்ளே ரம்பம் சுழன்றது.

"அக்கா! கதவு! அக்கா..."

ரம்பத்தின் சத்தம் கனத்தது. பிறகு இலேசானது.

அவள் பொத்தானை அழுத்தியபடியே நின்றாள்.

வெட்டறைச் சுவரின் திறப்பு வழியாகக் கொக்கிகள் வந்தன. வெறும் கொக்கி. வெறும் கொக்கி. அடுத்ததில் தெர்லிஸ். முதுகெலும்போடு இரண்டாகப் பிளந்து. சுத்தமாகக் கழுவி. நீர் சொட்டச் சொட்ட.

கையிலிருந்த போனில் அவன் மூச்சு வாங்கினான்.

"அக்கா, கதவு இப்ப திறந்துதான் இருக்கு. நீ உள்ள வா."