நடுப்பெஞ்சின் அடியில்

விளக்கை அணைக்க வேண்டாம், கொஞ்சம் சிறிதாக்கினால் போதும். போர்வையை இழுத்துக் கால்விரல்களை மூடிக்கொண்டு என் பக்கம் நகர்ந்து வாருங்கள், கண்ணுகளா. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடிக்கிறபோது விரல் நுனியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருக்கிறதா? நல்லது. அப்படியானால் கதை சொல்கிறவள் நான்தான். தைரியமாகக் கேட்கலாம்.

அகன்ற ஏரி ஒன்றின் கரையில் படகுக் கொட்டகை வைத்திருந்தார் ஒருவர். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, ஊர் அவரை மெருகு என்றுதான் கூப்பிட்டது. விரிசல் விட்ட ஃபைபர் படகுகளுக்குப் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் தேய்த்த இடத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று கரையில் கேலி பேசுவார்கள். தேய்ப்பதற்கென்று அவருக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு நீண்ட இழுப்பு, பிறகு தூசு போக வாயால் ஓர் ஊதல். சர்ர்ர். சர்ர்ர். ஃபூ. அவர் மனைவி அடுத்த அறையில் உட்கார்ந்து படகுகளுக்குத் தார்ப்பாய் தைப்பாள். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும், கணவர் என்ன செய்கிறார் என்று அவள் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஊரான் படகையெல்லாம் பளபளப்பாக்கி அனுப்பியவருக்குத் தனக்கென்று ஒரு படகு இல்லை. சொந்தப் படகில் ஆட்களை ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓட்ட வேண்டும். அந்த ஒரே ஆசை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தொப்பிக்காரன் வந்தான்.

பெரிய சாலையின் திருப்பத்தில், இழுவை வண்டியில் வெள்ளைப் படகு ஒன்றை ஏற்றி நிறுத்தியிருந்தான். முகப்பில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குச் சின்ன அறை. நல்ல எஞ்சின். பாதி விலைகூடச் சொல்லவில்லை. மெருகு தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். மச்சான் எஞ்சின் மெக்கானிக், மனைவியின் தம்பி. அவன் குனிந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"மாமா, எஞ்சின் நம்பர் தேஞ்சிருக்கு."

"பழசுன்னா தேயத்தான்டா செய்யும்."

"முழங்கால் தேயும், செருப்பு தேயும். சுத்தி எல்லாம் புதுசா இருக்க, நம்பர் மட்டும் எப்படி மாமா தேயும்?"

"உன்ன எஞ்சின் ஓடுமான்னு பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"ஓடும் மாமா. நல்லாவே ஓடும். எங்கேருந்து ஓடி வந்துச்சுன்னுதான் கேக்குறேன்."

வீட்டில் மனைவியும் விடவில்லை.

"ஏங்க, விக்கிறவரு வீடு எங்கன்னு கேட்டீங்களா?"

"வீட்டையா வாங்கப் போறேன்? படகுதான வாங்குறேன்."

"வீட்டுக்குக் கூப்பிடாம நடுரோட்டுல வச்சு விக்கிறவன்கிட்ட நான் ஒரு ஊசிகூட வாங்க மாட்டேன். படகுத்துறை ஆபீஸ்ல நம்பரச் சொன்னா திருட்டுப் படகா இல்லையான்னு பாத்துச் சொல்லிடுவாங்களே. காலைல ஒரு எட்டு போய்ட்டு வந்து வாங்குங்க."

"காலைக்குள்ள வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்."

அவர் ஆபீஸுக்குப் போகாததற்கு அவசரம் காரணம் இல்லை, கண்ணுகளா. அங்கே என்ன பதில் வரும் என்பது அவர் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சாலையில் பார்க்கப் போனபோது படகின் பின்புறத்தை ஒருமுறை தடவினார், அப்போதே தெரிந்துவிட்டது. வண்ணத்துக்கு அடியில் ஒரு பள்ளம், பள்ளத்தில் அவசரப் பட்டி. படகு கட்டுகிறவர்கள் எண் பொறிக்கிற இடம் அது. யாரோ சுரண்டி எடுத்துவிட்டு மூடியிருக்கிறான்.

படகு கொட்டகைக்கு வந்தது. அந்த அரைகுறைப் பட்டியைப் பார்க்கப் பார்க்க மெருகுக்குக் கை துறுதுறுத்தது. திருட்டு வேலை என்ற கூச்சத்தைவிட, இப்படியா பூசுவான் என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது. பெயர்த்து எடுத்து, புதிதாகப் பூசித் தேய்த்தார். எந்தக் கண்ணாலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எண் ஒரே இடத்தில் இருக்காது என்பது கட்டுகிறவனுக்கும் பழுது பார்க்கிறவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. வெளியே ஒன்று, கண்ணில் படாத இடத்தில் இன்னொன்று. இந்த மாதிரிப் படகுக்கு நடுப்பெஞ்சின் அடியில் இருக்கும். தொப்பிக்காரனுக்கு அது தெரியவில்லை. மெருகு பெஞ்சுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எண்ணைப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படித்தால் தெரிந்ததாகிவிடும், தெரிந்தே வைத்திருந்தால் திருடன் என்று ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டே தேய்த்தார்.

சர்ர்ர். சர்ர்ர். ஃபூ.

ஊதிய தூசு அவர் முகத்திலேயே விழுந்தது.

சில நாள் கழித்து, வெயில் உச்சியில் நின்ற ஒரு மத்தியானம், ஒரு பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். செருப்பெல்லாம் செம்மண். கரையில் இருக்கிற கொட்டகை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வருகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, ஒரு வெள்ளைப் படகு தேடுறேன். முன்னாடி சின்ன ரூம் வச்சது."

மெருகு கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைக்கவில்லை. "அந்த மாதிரி ஊரெல்லாம் கெடக்கும்மா."

"எங்க வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு ஆனதும் அந்த ரூம்லதான் படுப்பாரு. அன்னைக்கும் படுத்தாரு. சாயங்காலம் போய்ப் பாக்குறேன், படகும் இல்ல, அவரும் இல்ல." அவள் பார்வை கொட்டகைக்குள் நின்ற படகின் மேல் போனது. "படகு எனக்கு வேண்டாம்ணே. அது கெடச்சா வித்தவன் யாருன்னு புடிச்சிடலாம். அவர எங்க போட்டாங்கன்னு கேக்கலாம். அவ்வளவுதான்."

தையல் மெஷின் நின்றது. மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"நடுப்பெஞ்சுக்கு அடியில நம்பர் இருக்கும்னு படகு கட்டுனவரு காட்டுனதா அவர் சொல்லியிருக்காரு. கை வச்சுப் பாத்துக்கட்டுமா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் அவருக்குக் கிடைத்தது. உண்மையைச் சொல்ல அது போதும்.

"தாராளமா பாத்துக்கம்மா," என்றார் மெருகு.

அவள் படகில் ஏறி, பெஞ்சின் அடியில் கையை விட்டாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடவினாள். மறுபடியும் தடவினாள். தூங்குகிற குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி தடவினாள். எல்லாம் வழவழவென்று இருந்தது.

"இது இல்ல போலருக்கு," என்றாள். "அக்கரையில எங்க அக்கா வீட்டுலதான் இருக்கேன். ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லி அனுப்புங்கக்கா." கடைசி வார்த்தையை மெருகைப் பார்த்துச் சொல்லவில்லை, மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் தலை மறைந்ததும் கொட்டகைக்குள் ஒரு வாடை வந்தது. அழுகின பாசியும் ஈரத் துணியும் கலந்த வாடை. வெயில் தகரத்தைப் பொசுக்கிக்கொண்டிருக்க, படகின் முகப்பறைக்குள் மட்டும் குளிர்ந்து கிடந்தது.

உள்ளே ஏதோ கீறியது.

நகம்.

மெருகு முகப்பறையைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. படுக்கைப் பலகை மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரமாக இருந்தது.

மறுநாள் அவருடைய போன் திறக்கவில்லை. கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தார். மச்சான் சிரித்தான்.

"போன்கூட உங்கள யாருன்னு கேக்குது மாமா."

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து நழுவியது. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. சட்டைப் பொத்தான் விரலுக்குள் நிற்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பார்த்தார். நுனியில் ரேகை மங்கியிருந்தது. தினமும் பார்த்தார். தினமும் கொஞ்சம் குறைந்தது. வலி இல்லை, ரத்தம் இல்லை. காலையில் தலையணையில் மாவு போல வெள்ளைத் தூசு மட்டும் கிடந்தது.

தூங்குகிறவரின் கையை யாரோ பொறுமையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மச்சான் ஒரு சேதி கொண்டுவந்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"அந்தத் தொப்பிக்காரன் செத்துட்டானாம் மாமா. லாட்ஜ் ரூம்ல, மாடியில. நெஞ்சு பூரா ஏரித் தண்ணியாம். கட்டில் காஞ்சு கெடந்துச்சாம்." குரலைத் தாழ்த்தினான். "ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கக் கைரேகை எடுக்கப் பாத்தாங்களாம். ஒண்ணுமே பதியலையாம். கண்ணாடி மாதிரி இருந்துச்சாம்."

மெருகு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

மனைவி பார்த்துவிட்டாள். அருகே வந்து அந்தக் கைகளை வெளியே எடுத்தாள். தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். சோப்பு மாதிரி வழுக்கின.

"என்ன பண்ணுனீங்க?"

சொன்னார். பெஞ்சின் அடியில் படுத்ததையும் கண்ணை மூடிக்கொண்டதையும் சொன்னார்.

"அந்தப் பொண்ணு கைய வச்சுத் தடவுனப்பவும் பேசாம நின்னீங்களா?"

அவர் கைகளை மறுபடியும் அக்குளுக்குள் செருகினார்.

"இப்பவே அக்கரைக்குப் போய் அவ கால்ல விழுந்து சொல்லுங்க. ஆபீஸ்லயும் போய்ச் சொல்லுங்க."

"நாளைக்கு முதல் ஓட்டம். கரையில எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒரே ஒரு தடவ என் படகுல நான் போயிட்டு வந்துடுறேன். அப்புறம் சொல்றேன்."

என் படகு. அப்படித்தான் சொன்னார், கண்ணுகளா. அந்தச் சொல்லை முகப்பறையும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை காற்றே இல்லை. ஏரி தகடு மாதிரி கிடந்தது. ஆள் ஏற்றும் முன் ஒரு சுற்று தனியாகப் போய்வருகிறேன் என்று மெருகு கிளம்பினார். மனைவியும் மச்சானும் துறைப்பலகையில் நின்றார்கள். கொஞ்ச தூரம் போயிருப்பார். எஞ்சின் நின்றது.

அலை இல்லை. ஆனாலும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ பெரிய ஆள் விளிம்பைப் பிடித்து மேலே ஏறுகிற மாதிரி.

மெருகு மறுபக்க விளிம்பைப் பிடித்தார்.

அவரே தேய்த்த விளிம்பு.

கை நிற்கவில்லை. தண்ணீரில் விழுந்தார். நீந்தத் தெரிந்தவர்தான். மச்சான் வேறொரு படகை எடுத்துக்கொண்டு பாய்ந்து போய்க் கயிற்றை வீசினான். கயிறு அவர் கையில்தான் விழுந்தது. பிடித்தார். வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். கயிறு அவர் கைக்குள் ஓடி வெளியே வந்துவிட்டது.

"சுத்திக் கட்டிக்கங்க மாமா, கையில சுத்திக்கங்க."

அவர் சுற்றினார். முடிச்சுப் போட விரல்கள் கேட்கவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து எதுவோ அவரை வேகமில்லாமல், ஒரே சீராக இழுத்தது. இரண்டு இழுப்பு. நீர்மேல் ஒரு குமிழி வந்து உடைந்தது.

ஃபூ.

ஏரி மறுபடியும் தகடாயிற்று.

ஏரியெல்லாம் வலை போட்டுத் தேடினார்கள். அவர் கிடைக்கவில்லை. வெள்ளைப் படகை வேறொரு படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மனைவி அக்கரைக்குப் போனாள். யாரும் சொல்லாமல் அவளே போனாள். அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து, "மன்னிச்சிடும்மா, இது உன் படகுதான்" என்றாள். அவள் ஏறி, பழையபடி நடுப்பெஞ்சின் அடியில் கையை விட்டாள்.

அவள் முகம் மாறியது.

குனிந்து பார்த்தார்கள். எண் இருந்தது. ஃபைபரைத் தோண்டி, ஆழமாக, கோணல்மாணலாக எழுதியிருந்தது. கடைசி இலக்கத்தின் பள்ளத்தில் ஒரு நகத்துண்டு செருகி நின்றது.

தொலைந்த படகின் எண்ணேதான் அது என்று உறுதியானதும், போலீஸ்காரர்கள் படகு வந்த வழியைப் பின்னோக்கித் தேடினார்கள். தொப்பிக்காரனின் கூட்டாளி சிக்கினான், இடத்தைக் காட்டினான். கோரைப்புல் நடுவே, கல்லைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் தன் கணவரை எடுத்து அடக்கம் செய்தாள். அவளுக்கு அவர் கிடைத்துவிட்டார். மெருகின் மனைவிக்குத் தன் கணவர் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

படகை அந்தப் பெண் விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். மெருகின் மனைவி அதற்குத் தார்ப்பாய் தைத்துக் கொண்டுபோனாள். போர்த்துகிற நேரம் சாயங்கால வெளிச்சம் மிச்சம் இருந்தது. கவிழ்ந்த படகுக்கு அடியில், மணலின் மேல், கோதுமை மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூசு குவிந்திருந்தது.

"தெனமும் கூட்டுறேன்க்கா," என்றாள் அந்தப் பெண். "தெனமும் இருக்கு."

மனைவி மண்டியிட்டுக் காதை வைத்தாள்.

சர்ர்ர். சர்ர்ர். ஃபூ.

அவளுக்கு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உதட்டைப் படகோடு ஒட்டிவைத்து, அடுத்த அறையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"போதுங்க. கைய எடுங்க. வாங்க போலாம்."

உள்ளே சத்தம் நின்றது.

தண்ணீர்கூட அசையவில்லை.

பிறகு, அவளுடைய காதுக்கு நேர் எதிரே, ஒரு நகம் மெதுவாக ஒரே ஒரு கீறல் கீறியது, நிறுத்தாதே என்கிற மாதிரி.

உடனே தேய்ப்பு மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக. தேய்வது அவர் கைதான்; எண் மட்டும் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டிருக்கிறது.

சரி, கண்ணுகளா, கையை விடுங்கள், எனக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். உங்கள் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு பொருளும் கொடுத்தவர் மனம் குளிர்ந்து கொடுத்ததாக வரட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முழுசாக வீடு திரும்பட்டும். உங்கள் கை பிடித்தது நழுவாமல் இருக்கட்டும். காலையில் எழுந்து பார்த்தால் தலையணை சுத்தமாக இருக்கட்டும்.