சாம்பல் குதிரையின் கயிறு

“என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு போனா ஐயா. கொலைகாரின்னு பேர் வாங்கிட்டு வந்திருக்கா.”

வந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. கையில் காலிப் பால் தூக்கு. வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு நேரே வந்திருந்தாள். கதவோரத்தில் மகள், நேற்று இன்டர்வியூவுக்கென்று தேய்த்துப் போட்ட உடுப்பை இன்னும் மாற்றாமல், கசங்கி நின்றாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பார்கள். அவருடைய உதவியாளர் பட்டாசு. முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவள். திரி கிள்ளாமலே வெடிப்பாள்.

“யாரு செத்தது? எப்படி?” என்றாள் பட்டாசு.

“முதல்ல அவங்க உட்காரட்டும்,” என்றார் நிதானம்.

மகள்தான் சொன்னாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கை நேர்காணல். குழுவில் மூன்று பேர்: தலைவர், அறுவை சிகிச்சைப் பேராசிரியர், அரசுத் தரப்பு அதிகாரி. அறைக்குள் கேள்விகள் முடிந்ததும் லாயத்துக்கு அழைத்துப் போய், ஒரு சாம்பல் குதிரையைச் சுவர் வளையத்தில் கட்டச் சொன்னார்கள்.

“எங்க வீட்டு மாட்டைக் கட்டுற மாதிரி இறுக்கிக் கட்டினேன் சார். சர்ஜரி சார் கத்திட்டார். ‘குதிரை மிரண்டு விழுந்தா ஒரே இழுப்புல அவுக்கணும். இதை அவுக்கறதுக்குள்ள அது கழுத்து முறிஞ்சே போயிடும். நீ மாட்டுக் கொட்டாய்லயே இரு’ன்னார்.”

“அப்புறம்?”

“சாப்பாட்டு நேரத்துல தனியா லாயத்துக்குப் போனேன். ஒரே இழுப்புல அவுற அந்த உருவு முடிச்சைப் பழகிப் பார்க்கலாம்னு. வரவே இல்ல. கடைசியா பழையபடி இறுக்கித்தான் கட்டினேன், தண்ணித் தொட்டிப் பக்கத்து வளையத்துல. தலைவர் வந்து பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன். ‘கை பழகிடும், போய் சாப்பிடு’ன்னார். போயிட்டேன்.” அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். “திரும்பி வந்தப்போ அவர் குதிரையோட பின்னங்காலுக்குக் கீழ செத்துக் கிடந்தார். மண்டையில லாட அடையாளம். நான் அனுமதியில்லாம போய் குதிரையை மிரட்டி வெச்சதாலதான் உதைச்சதுன்னு சொல்றாங்க.”

“சீட்டு கிடையாது, இனி எந்தக் கல்லூரியிலயும் கால் வைக்க முடியாதாம்,” என்றாள் தாய். “கேஸும் போடுவாங்களாம். அந்தக் குதிரையை இன்னிக்கு சாயங்காலம் ஊசி போட்டுக் கொல்லப் போறாங்க.”

நிதானம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

லாயத்தில் மூத்திர நெடியும் டெட்டால் நெடியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எதையும் தொடக்கூடாது என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு என்பதால், சாம்பல் குதிரை நேற்றுக் கட்டிய கட்டிலேயே நின்றது. வைக்கோலில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. பின்னங்கால் பக்கம் இருந்த அதை மிதிக்காமல் குதிரை ஒதுங்கி நின்றது.

லாயக்காரரின் வலக்கை கட்டுப் போட்டு, தோளிலிருந்து துணித் தொட்டிலில் தொங்கியது. போன வாரம் ஒரு கோவேறு கழுதை கடித்து எலும்பு உடைந்துவிட்டதாம். “நான்தான் சார் முதல்ல பார்த்தேன். இந்த ஜன்னல் பக்கத்து வளையத்துலதான் குதிரை நின்னுது. நான் தொடவே இல்ல.”

நிதானம் முடிச்சைப் பார்த்தார். அழகான மடிப்பு. இன்ஸ்பெக்டர் தலையசைத்ததும், தொங்கிய நுனியை ஒரு விரலால் இழுத்தார். கயிறு பூப்போல அவிழ்ந்து கையில் விழுந்தது. அந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்தார். கயிறு முழுக்க அழுக்கு. வெட்டுவாய் மட்டும் வெள்ளை வெளேரென்று, சாய்வாக, ஒரு பிசிறு இல்லாமல். பக்கத்துக் குதிரையின் கயிற்றோடு வைத்துப் பார்த்தார். இது ஒரு முழம் குட்டை. சுவரில் வரிசையாக லாடங்கள் தொங்கின. ஓர் ஆணி மட்டும் காலி.

“லாயக்காரர்தான் சார்!” பட்டாசு அவர் காதோரம் கிசுகிசுத்தாள். “இந்த முடிச்சு அவருக்குத் தண்ணிபட்ட பாடு.”

“ஒத்தைக் கையால போட்டுக் காட்டு பார்ப்போம்.”

அவள் முயன்று பார்த்தாள். பல்லால் கடித்தும் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அரசுத் தரப்பு அதிகாரி வராந்தாவில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். “நேத்து காலையில யாருக்கெல்லாம் இன்டர்வியூ நடந்தது? ஏதாவது தகராறு?” என்று கேட்டார் நிதானம்.

அதிகாரி தயங்கினார். “சர்ஜரி பேராசிரியரோட பையனும் வந்திருந்தான். அப்பாங்கறதால அவர் வெளிய போயிட்டார். முறைப்படிதான். பரிசோதனை மேஜை மேல ஒரு நாயை நிறுத்தி, காதைப் பார்க்கச் சொன்னோம். பையன் அந்தக் காதைப் பிடிச்சு முறுக்கிட்டான். நாய் அலறினதுல எனக்கே உடம்பு ஆடிப்போச்சு. தலைவர் அவனை அப்பவே வெளிய போகச் சொல்லிட்டார். ‘இவன் இந்த வாசலை மிதிக்கக்கூடாது’ன்னார்.”

நிதானம் பட்டாசைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை சொன்னார். அவள் வெளியே ஓடினாள்.

மதியம் எல்லாரையும் லாயத்துக்கு வரச் சொன்னார். கடைசியாக வந்த அறுவை சிகிச்சைப் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு குதிரை உதைச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எனக்கு ஆபரேஷன் இருக்கு.”

“ஒரே ஒரு வேலை சார். ஒவ்வொருத்தரும் இந்தக் குதிரையை வளையத்துல கட்டுங்க, போதும்.”

பெண் கட்டினாள். பதற்றத்தில் இன்னும் இறுகிப்போன மாட்டு முடிச்சு. அதிகாரி ஷூ லேஸ் கட்டுவதுபோல் ஏதோ செய்தார். குதிரை தலையை அசைத்ததும் அது உதிர்ந்தது. லாயக்காரர் தன் தொட்டில் கையைக் காட்டினார்.

பேராசிரியர் கயிற்றை வாங்கினார். அவர் விரல்கள் தாமாக ஒரு மடிப்பு போட்டன. போட்டு, நின்றன. அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்த்தார். மடிப்பைக் கலைத்துவிட்டு, அவளைப்போலவே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

லாயக்காரர் வாயைப் பிளந்தார். “சார்… நீங்களா இப்படிக் கட்டறீங்க?”

“சரியாக் கேட்டீங்க,” என்றார் நிதானம். “நேத்து இதே முடிச்சுக்காக ஒரு பொண்ணை அழ வெச்சவர் இவர். இன்னிக்கு அவரே அதைப் போடறார். முடிச்சைப் பத்தி இங்க நிக்கற யார்கிட்டயும் நான் ஒரு வார்த்தை சொல்லல. அது ஏன் முக்கியம்னு கொலை செஞ்சவருக்கு மட்டும்தான் தெரியும்.”

“கொலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இந்தப் பொண்ணு குதிரையைத் தொட்டிப் பக்கம், இறுக்கு முடிச்சுல விட்டுட்டுப் போனா. லாயக்காரர் பார்க்கும்போது அது ஜன்னல் பக்கம், உருவு முடிச்சுல நிக்குது. நடுவுல யாரோ குதிரையை இடம் மாத்தியிருக்காங்க. ஏன்? தலைவர் விழுந்தது தொட்டிப் பக்கம், குதிரையோட தலைமாட்டுல. அங்கே விழுந்தவரைப் பின்னங்கால் உதைச்சதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. பிணத்தை இழுத்தா வைக்கோல்ல ரத்தத் தடம் விழும். குதிரை தானா நடந்து வரும். ஆனா இவ முடிச்சு அவுரல. அறுத்தார். சமையல் கத்தி இப்படி வெட்டாது. ஆபரேஷன் கத்தி வெட்டும். அறுந்த துண்டையும் அடிச்ச லாடத்தையும் எடுத்துட்டுப் போயிட்டார். எல்லாம் யோசிச்சவர், ஜன்னல் பக்கம் குதிரையைக் கட்டும்போது மட்டும் யோசிக்கல. இத்தனை வருஷப் பழக்கம், கை அது பாட்டுக்குக் கட்டிடுச்சு.”

பேராசிரியர் குதிரையின் கழுத்தில் கையை ஊன்றிக்கொண்டார். அது விலகவில்லை.

“காலில விழாத குறையாக் கெஞ்சினேன்,” என்றார் மெதுவாக. “எங்கப்பா மாட்டு டாக்டர், நான் மாட்டு டாக்டர். பையன் மட்டும் தெருவுல நிக்கணுமா? ஒரு தடவை மன்னிச்சு விடுங்கன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, இந்தப் பொண்ணு கட்டினதைப் பார்த்துக்கிட்டே, ‘கட்டத் தெரியாட்டியும் இவளுக்குக் கொடுப்பேன், உன் பையனுக்குக் கொடுக்க மாட்டேன்’னார். சுவர்ல லாடம் கைக்கு எட்டற தூரத்துல இருந்தது.”

பெண் தன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வாசலில் பட்டாசு வந்து நின்றாள். வழக்கமாக வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருபவள், இன்று நிதானத்தின் அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். ஆனால் லாயத்தில் இருந்த அமைதியில் எல்லாருக்குமே கேட்டது.

“பையனைப் பார்த்தேன் சார். வேணும்னுதான் நாய் காதை முறுக்கினானாம். அப்பாகிட்ட இந்தப் படிப்பு வேண்டாம்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தானாம், கேக்கல. இப்படிச் செஞ்சா அவங்களே துரத்திடுவாங்கன்னு…”

பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்தபோது கூடவே நடந்தார். வாசல்படியில் மட்டும் கால் தடுக்கியது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “அம்மா, உங்க பொண்ணு மேல இருந்த தடையை நீக்கச் சொல்லிடறேன். குதிரையையும் விட்டுடுவாங்க. ஆனா நேத்து நடந்த இன்டர்வியூ செல்லாது. புதுக் குழு போட்டு எல்லாருக்கும் மறுபடி முதல்லேருந்து நடக்கும். சீட்டு கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“கொடுப்பேன்னு சொன்னவரே போயிட்டாரே ஐயா,” என்றாள் தாய்.

“வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” அதிகாரி பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த நாய் இப்ப எப்படி இருக்கு சார்?”

அதிகாரி லாயக்காரரைப் பார்த்தார். லாயக்காரர் இன்ஸ்பெக்டர் போன திசையைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

“எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வராந்தாவில் இறங்கி நடக்கத் தொடங்கினாள்.